மயிலும் ஏணியும் ஒரே ஆணியில்

இந்த ஊரில் விளக்கு வைக்கிற நேரம் என்று ஒன்று கிடையாது. ராயபுரத்தில் பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வீடு வாசல் தெளித்து விளக்கேற்றுவார்கள். அந்தக் கால் மணி நேரம் யாரும் தலை வார மாட்டார்கள், யாரும் அழ மாட்டார்கள், காய்ச்சலில் கிடப்பவர்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார். இங்கே, பாரசீகக் கரையில் இருக்கும் இந்த எண்ணெய்த் துறைமுகத்தில், பொழுது சாய்வதே தெரிவதில்லை. ஆலைக்கு நடுவே இரண்டு பனை உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய் நிற்கிறது. பூமிக்குள்ளிருந்து எண்ணெயோடு சேர்ந்து வரும் வாயுவை அதன் வாயில் கொளுத்திவிட்டிருக்கிறார்கள். அந்தத் தீ அணைவதே இல்லை. சூரியன் இறங்க இறங்க அது ஏறுகிறது. ஆகாயம் சிவப்பிலிருந்து கறுப்புக்குப் போகாமல் சிவப்பாகவே நின்றுவிடுகிறது. ஒரு நாள் முடிந்தது என்பதை ஆலைச் சங்குதான் நமக்குச் சொல்ல வேண்டும்.

வந்து இறங்கிய அன்று, என்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தீயைப் பார்த்துக் கை கூப்பினேன். பக்கத்தில் நின்ற குலாம் என்ற பாரசீகத் தொழிலாளி சிரித்துக்கொண்டே, "ஆத்தஷ் பரஸ்த்?" என்று கேட்டான். ஊர் எது என்று கேட்கிறான் போலும் என்று நினைத்து, "ஆமாம், ராயபுரம்" என்றேன். தீயைக் கும்பிடுகிற சாதியா நீ என்று அவன் கேட்டிருக்கிறான். நான் தலையை ஆட்டிவிட்டேன். அதிலிருந்து, டின் செய்கிற தகரக் கொட்டகையில் எனக்கு அதுதான் பெயர். நான் திருத்தப் போகவில்லை. எதைக் கும்பிட்டேன், கும்பிட்டு என்ன ஆனேன் என்று அவனுக்குச் சொல்ல என்னிடம் பாஷை இல்லை. ஊரில் இருக்கிற உங்களுக்கும், என்னைப் போலக் கப்பலேறி வந்து கிடக்கிறவர்களுக்கும் சொல்ல பாஷை இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் வேலாயுதம். நாலாவது வரை படித்தவன். மண்ணெண்ணெய் டின்னுக்கு ஈயம் வைப்பது என் தொழில். நவச்சார உப்பில் தோய்த்த செம்புக்கோலைக் காய்ச்சி, தகரத்தின் ஓரங்களை ஈயத்தால் ஒட்டி, ஒரு சொட்டுகூட ஒழுகாமல் மூட வேண்டும். ஒழுகினால் கப்பலில் தீ பிடிக்கும். இந்த வேலையை நான் படித்தது ராயபுரத்துக்கு வடக்கே இருந்த எண்ணெய்க் கிடங்கில். கூடவே உட்கார்ந்து படித்தவன் கஜபதி, திருவொற்றியூர்க்காரன். இரண்டு பேரும் ஒரே அடுப்பில் கோலைக் காய்ச்சினோம். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மூலையை மூடி முடிக்கும்போது கடைசிச் சொட்டை இடது பக்கமாக இழுத்துவிடுவேன். ஒரு நெல்மணி படுத்திருப்பது போல அது நிற்கும். கஜபதி அதைப் பார்த்து, "இன்னா மச்சான், டின்னுக்கு மூக்குத்தி போட்டுகினு கீறே" என்பான். அப்போது அவன் எனக்கு மச்சான் முறை ஆகியிருக்கவில்லை. சும்மா அப்படிக் கூப்பிடுவான். பிறகு என் தங்கை மங்காவை அவனுக்கே கொடுத்தேன்.

எண்ணெய்க் கம்பெனிகளின் சரித்திரத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. எங்கள் வீட்டுப் பின்சுவரில் படித்தேன். அந்தச் சுவர் முழுக்கக் காலி டின்னை வெட்டி விரித்து அடித்த தகரம். அடி வரிசை என் அப்பா வைத்தது, அமெரிக்காத் தகரம். துறைமுகச் சுவர் எழும்பாத நாளில், பாய்மரக் கப்பலில் மரப்பெட்டிக்கு இரண்டு டின்னாக அது வந்ததாம். அலைக்கு மேல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அப்பா பெட்டிகளை இறக்கியிருக்கிறார். அதற்கு மேல் வரிசை ருஷியாத் தகரம். காஸ்பியன் என்ற கடலின் கரையில் எண்ணெய் தானாக ஊறி எரிந்துகொண்டிருந்த ஊரிலிருந்து வந்தது. அதற்கு மேலே ஊர்ப் பெயர் இல்லாத தகரம். லண்டனில் ஒரு வியாபாரக் குடும்பம், டின்னையும் பெட்டியையும் எதற்குச் சுமப்பது, கப்பலையே ஒரு பெரிய டின்னாகச் செய்தால் என்ன என்று யோசித்து, எண்ணெயைக் கப்பலின் வயிற்றில் ஊற்றி சூயஸ் கால்வாய் வழியாக அனுப்பத் தொடங்கியது. அதன் பிறகுதான் சென்னப்பட்டணத்தில் தொட்டிகள் எழும்பின, டின் அங்கேயே செய்யப்பட்டது, எங்களைப் போன்றவர்களுக்குச் சோறு கிடைத்தது. அதற்கும் மேலே சுமத்ராவில் டச்சுக்காரர்கள் எடுத்தது, பர்மாவில் ஸ்காட்லாந்துக்காரர்கள் எடுத்தது. நான் அடித்த மேல் வரிசை பாரசீகம். மழைக்காலத்தில் எல்லா வரிசையும் ஒன்று போலத்தான் துரு பிடித்தது.

மீதியை இங்கே ஒரு மலையாளத்துக் கிளார்க் சொன்னார். நல்ல மனிதர், ஞாயிற்றுக்கிழமை பைபிள் படிப்பார், மற்ற நாள் பழைய பத்திரிகை படிப்பார். அமெரிக்காவில் ஒரு மனிதர் கிணறு தோண்டும் சூதாட்டத்தை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, காய்ச்சி வடிக்கும் ஆலைகளை மட்டும் ஒவ்வொன்றாக வாங்கினாராம். விற்க மாட்டேன் என்றவனுடைய ஊரில் விலையைத் தரைக்கு இறக்குவாராம். அவன் கதவைச் சாத்தியதும் ஏற்றுவாராம். கடைசியில் அந்த நாட்டுக் கோர்ட்டே அந்தக் கம்பெனியைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டது. வெட்டிய துண்டுகள் எல்லாம் தனித் தனிக் கம்பெனியாகப் பிழைத்துக்கொண்டன. அதற்கு முன்பே டச்சுக்காரனும் லண்டன்காரனும் அந்த அமெரிக்கப் பூதத்துக்குப் பயந்து ஒன்றாய்ச் சேர்ந்தார்கள். இந்தப் பாரசீகத்தில் வருஷக்கணக்கில் பாறையைத் துளைத்து ஒன்றும் வராமல், மூட்டை கட்டுங்கள் என்று உத்தரவு வருகிற சமயத்தில் எண்ணெய் பீறிட்டதாம். அதற்குப் பணம் போட்டது பர்மாவில் எடுத்தவர்கள். கொஞ்ச நாளில் சண்டைக் கப்பல்கள் கரியை விட்டு எண்ணெய்க்கு மாறின. இங்கிலீஷ் சர்க்காரே பங்கு வாங்கியது. "அதோடு இது வியாபாரமும் இல்லை, ராஜ்யமும் இல்லை, வேலாயுதம். இரண்டும் கலந்த ஒன்று" என்றார் கிளார்க். அது சாமி கணக்காக இருக்கிறதே என்று நான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

சாமி என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. போன யுத்தத்தில் எம்டன் கப்பல் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போன மறுநாள் காலை, நானும் அப்பாவும் மங்காவும் கடற்கரை மணலில் நின்று பார்த்தோம். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். மங்கா அப்பா தோள் மேல் இருந்தாள், ஐந்தாறு வயசு. எரிகிற தொட்டியைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். "இன்னாடி கும்புட்ற?" என்று நான் கேட்டேன். "தீபாராதன காட்றாங்கோ அண்ணாத்தே" என்றாள். நாங்கள் சிரித்தோம். அவள் கையைக் கீழே போடவில்லை.

எங்கள் கிடங்கு எண்ணெய்க்கு மயில் மார்க். சுண்ணாம்பு நீலத்தில் தோகை விரித்த மயில். நான் முருகனைக் கும்பிடுகிறவன். கிருத்திகைக்குக் கிருத்திகை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பவன். வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த மயிலைப் பார்த்ததும் எனக்கு மெய் சிலிர்த்தது. முருகனே என்னை இங்கே கொண்டுவந்து விட்டான் என்று எடுத்துக்கொண்டேன். கிடங்கு வாசலில் தொழிலாளிகள் நட்டிருந்த வேலுக்குப் பக்கத்தில், ஒரு டின்னிலிருந்து மயிலை அப்படியே வெட்டியெடுத்து நான்தான் நிறுத்திவைத்தேன். தினமும் அதற்கு விபூதி வைத்துவிட்டுத்தான் கோலைத் தொடுவேன். மயிலைப் போட்டால் இந்த ஜனங்கள் வாங்குவார்கள் என்று எங்கோ ஓர் ஆபீஸில் யாரோ சொல்லியிருப்பான், யாரோ துரை சரி என்று தலையாட்டியிருப்பான். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கஜபதிக்கு இந்தப் பக்தி எல்லாம் இல்லை. அமெரிக்காக்காரர்கள் புதுக் கிடங்கு திறந்தபோது, இரண்டு காசு கூடக் கிடைக்கிறது என்று அங்கே போனான். அவர்களுடையது ஏணி மார்க். அதற்குப் பிறகு விலைச் சண்டை வந்தது. ருஷியா எண்ணெயை யார் வாங்கி யார் விற்பது என்று சீமையில் அவர்களுக்குள் தகராறாம். அதை எங்கள் தெருவில் தீர்த்துக்கொண்டார்கள். இரண்டு கம்பெனியும் தங்கள் ஆட்களுக்குக் கைவண்டி கொடுத்துத் தெருத் தெருவாகக் கிருஷ்ணாயில் விற்க அனுப்பின. எனக்கு நீல வண்டி, கஜபதிக்கு மஞ்சள் வண்டி. காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை. சின்னக் கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டே செத்தார்கள். தண்டையார்பேட்டையில் என் வண்டியும் அவன் வண்டியும் எதிரெதிரே வரும்.

"இன்னா மச்சான், மயிலு மொட்ட போட்ச்சா?" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவான்.

"ஏணி சாஞ்சா இடுப்பு ஒடியும் மாப்ளே, பாத்து ஏறு" என்பேன் நான்.

முதலில் இது விளையாட்டுத்தான். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடிப்போம். பிறகு எங்கள் ஆட்கள் அவர்கள் வண்டிக் கயிற்றை அறுத்தார்கள். அவர்கள் ஆட்கள் எங்கள் டின்னில் மணலைக் கொட்டினார்கள். ஒருவனுக்குக் கண் போயிற்று. யானைக்கவுனியிலிருந்து எங்கள் ஏஜெண்டு ஐயா குதிரை வண்டியில் வந்து, வாசல் வேலுக்கு முன்னால் எங்களை நிற்கவைத்தார். எங்கள் பக்கம் பொய் சொல்ல முடியாத சத்தியம் ஒன்றுதான்: எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைப்பது. "ஏணி எண்ணைய விக்க மாட்டேன், வாங்க மாட்டேன். இவ்ளோதான். சொல்லிட்டு அடிங்க" என்றார் அவர். எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். என் முறை வந்தது. நான் வெட்டிவைத்த மயில் என்னையே பார்த்தது. எனக்குள் என்ன வந்ததோ, "ஏணி எண்ணெய் எரியிற வீட்டு வாசலக்கூட மிதிக்க மாட்டேன்" என்று சொல்லி அடித்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அதிகமாகப் போட்டால் சாமிக்கு அதிகம் பிடிக்கும் என்று நினைத்தேன். ஏஜெண்டு என் முதுகில் தட்டி, "இவன்தான்டா ஆளு" என்றார்.

இதைக் கேட்டு மங்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அப்போது ஏழு மாசம். என் வீட்டுக்கு வந்து, என் சம்சாரம் போட்ட பாயில் காலை நீட்டிக்கொண்டு, "அப்ப எங் கொயந்தைக்கு சேன யாரு வெப்பா? உங் கம்பெனி தொரை வந்து வெப்பாரா?" என்று கேட்டாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சர்க்கரைத் தண்ணீரைத் தாய்மாமன்தான் தொட்டு வைக்க வேண்டும். அவன் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். "அதுக்குள்ள இந்தச் சண்ட முடிஞ்சிடும் மங்கா" என்றேன். "முடியலன்னா?" என்றாள்.

முடியவில்லை. ஓர் அமாவாசை அன்று, விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சற்று முன்னால், திருவொற்றியூரிலிருந்து ஆள் வந்தது. பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்துவிட்டது, சேனை வைக்க மாமன் வர வேண்டும் என்று மங்கா சொல்லியனுப்பியிருந்தாள். வண்டியோடே ஓடினேன். தெருமுனை குறுகல், வண்டியை அங்கே விட்டுவிட்டு அவர்கள் குடிசை வாசலுக்குப் போனேன். உள்ளே சிம்னி விளக்கு எரிந்தது. ஏணி எண்ணெய். என் கால் நின்றுவிட்டது.

கஜபதி வெளியே எட்டிப் பார்த்தான். "இன்னா மச்சான், நட்டுகினு நிக்கிறே? வா உள்ள."

"அந்த வெளக்கு எரியிது மாப்ளே."

அவன் முதலில் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டேய், நெசமாவா சொல்றே?" என்றான். நான் சத்தியத்தைச் சொன்னேன். என் வண்டி லாந்தரைக் கொண்டுவருகிறேன், ஒரு நிமிஷம், அது மயில் எண்ணெய், அதை வைத்துக்கொள்ளலாம், இந்த விளக்கை மட்டும் அணைத்துவிடு என்றேன். எங்கள் வீட்டில் விளக்கை அணை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. குளிர வை என்போம். அன்று என் வாயில் அணை என்றுதான் வந்தது.

உள்ளேயிருந்து மருத்துவச்சி, "வெளக்க தொடாதீங்க, ரத்தம் இன்னும் நிக்கல, நான் பாக்கணும்" என்று சத்தம் போட்டாள். அதற்கு மேலே மங்காவின் குரல் கேட்டது. களைப்பாக இருந்தாலும் சிரிப்பு இருந்தது. "குளிர வெச்சிடு ஆயா. எங்க அண்ணாத்தே பைத்தியம். வெளக்கு இருந்தா உள்ள வராது. வரட்டும்."

கஜபதிதான் ஊதினான். நான் தெருமுனைக்கு ஓடினேன். கடற்காற்று அடித்துக்கொண்டிருந்தது. தீக்குச்சி ஒன்று அணைந்தது, இன்னொன்று அணைந்தது, திரி நமுத்துப் போயிருந்தது. முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே பற்றவைத்தேன். எவ்வளவு நேரம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இருட்டில் மருத்துவச்சி கையால் தடவித் தடவிப் பார்த்திருக்கிறாள். ஈரம் எது, ஓடுவது எது என்று இருட்டில் தெரியவில்லை. நான் லாந்தரைத் தூக்கிக்கொண்டு, சத்தியத்தைக் காப்பாற்றிய காலோடு, வாசலைத் தாண்டினேன். என் மயில் மார்க் வெளிச்சத்தில்தான் நாங்கள் மூன்று பேரும் ரத்தத்தில் நனைந்த அந்தப் பாயைப் பார்த்தோம். மங்காவின் கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்தது என்று சொல்லிக்கொள்கிறேன். சர்க்கரைத் தண்ணீர் கிண்ணம் அவள் தலைமாட்டில் தயாராக இருந்தது. சேனையை யார் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வைக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அவன் வாசலுக்குப் போனேன். குழந்தை உள்ளே அழுதுகொண்டிருந்தது. தலை குனிந்து நின்றேன். கஜபதி என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். சிம்னி விளக்கை எடுத்துவந்து வாசற்படியில் வைத்து, பட்டப்பகலில் கொளுத்தினான். "ஏணி எண்ண எரியிது மச்சான். வாசல மிதிக்க மாட்டேன்னு சாமிகிட்ட சொல்லிகீறே. மிதிக்காதே. சத்தியம் தப்பக் கூடாது" என்றான். அதற்குப் பிறகு நான் எப்போது அந்தத் தெருவில் நுழைந்தாலும், யாராவது பார்த்துச் சொல்லி, நான் போவதற்குள் அந்த விளக்கு வாசற்படியில் எரிந்துகொண்டிருக்கும். பிள்ளைக்கும் மங்கா என்றே பெயர் வைத்தான். அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. இத்தனை வருஷமாக முருகனிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்: அந்த விளக்கு ஒரு நாள் அந்தப் படியில் இல்லாமல் இருக்க வேண்டும்.

அந்த வருஷம் திரும்புவதற்குள் சண்டை நின்றது. துரைமார்கள் சீமையில் எங்கோ ஒரு பெரிய வீட்டில் உட்கார்ந்து, வேட்டையாடி, விருந்து சாப்பிட்டு, உலகத்தை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டார்கள் என்று பேச்சு. இனிமேல் ஒரே விலை; அவனவன் பங்கு அவனவனுக்கு; ஒருவன் தெருவில் ஒருவன் கை வைப்பதில்லை. இரண்டு கிடங்கு ஆட்களையும் ஒரே மைதானத்தில் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்தார்கள். நான் ஏஜெண்டிடம், "ஐயா, அந்தக் கற்பூரச் சத்தியம்?" என்று கேட்டேன்.

"எந்தச் சத்தியம்?" என்றார். பிறகு ஞாபகம் வந்து, "அடப் போய்யா, அதெல்லாம் அப்போ. இன்னும் புடிச்சிகினு கீறியா?" என்று சிரித்தார். கஜபதி நின்றிருப்பதைப் பார்த்து அவனையும் இழுத்துவந்தார். "மாமன் மச்சான் ரெண்டு பேரும் இன்னா மூஞ்சிய திருப்பிகினு? தொரைங்களே கை குடுத்துகினாங்கோ. குடுங்க கைய."

கஜபதி லட்டைத் தரையில் வைத்தான். "குடுக்கறேன் சாமி. மொதல்ல அவன் கையில கற்பூரம் கீதான்னு பாருங்கோ" என்றான். சுற்றி நின்றவர்களில் விஷயம் தெரியாதவர்கள் சிரித்தார்கள்.

விலை ஏறியது. வண்டிகள் தேவைப்படவில்லை, நீலத்தையும் மஞ்சளையும் ஒன்றாகவே உடைத்து விறகாக்கினார்கள். அவன் மட்டும் தன் வண்டியைச் சொந்தத்துக்கு வாங்கிக்கொண்டான். டின் அடைப்பதும் இனி பாரசீகத்திலேயே என்றார்கள்; எனக்கு வேலை இல்லை. பாரசீகத்துக்கு ஈயம் வைக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, என் சம்சாரத்தையும் பிள்ளைகளையும் வடிவுடையம்மன் கையில் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினேன்.

இங்கே வந்த முதல் வாரமே நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். தகரக் கொட்டகையின் கோடியில் டின்னுக்கு மார்க் குத்துகிற இடம். அச்சு வெட்டிய தகடுகள் சுவரில் வரிசையாகத் தொங்கும். பிறை, ஒட்டகம், பேரீச்சை, எந்த நாட்டுக்கு எதுவோ அது. அந்த வரிசையில் மயில் தொங்கியது. ஓடிப் போய்க் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கையை நீட்டினேன். தகடு ஆடியது. பின்னால், அதே ஆணியில், ஏணி.

மார்க் குத்துகிறவன் குலாம்தான். அவனுடைய அப்பாவின் பேரீச்சந்தோப்பு இருந்த இடத்தில் இப்போது ஏழாம் நம்பர் தொட்டி நிற்கிறது. அவன் அதை எனக்குக் கையால் காட்டியிருக்கிறான். நான் மயிலைக் காட்டி, இதற்கு எந்தக் குழாய் என்று சைகையில் கேட்டேன். அவன் ஒரு குழாயைக் காட்டினான். ஏணியைக் காட்டி, இதற்கு எந்தக் குழாய் என்றேன். அதே குழாயைக் காட்டினான். நான் நம்பாமல் மறுபடி மறுபடி கேட்டேன். "ஹமீன். யெகி" என்றான்; இதேதான், ஒன்றுதான். காலையில் மயில், மத்தியானம் ஏணி, சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அது. என் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்துவிட்டு, என் விளக்குக்கு எண்ணெய் இல்லை, நல்ல எண்ணெய்க்காகத்தான் கெஞ்சுகிறேன் என்று நினைத்துக்கொண்டான் அவன். அக்கம்பக்கம் பார்த்து, அந்தக் குழாயிலிருந்து ஒரு குவளை பிடித்து, துணியால் மூடி என் கையில் கொடுத்தான். திருடிக் கொடுக்கிறான், பாவம். நான் அதை வாங்கிக்கொண்டு நின்றேன்.

கிளார்க்கிடம் கேட்டேன்: "சண்ட நடந்த அப்பவும் ஒண்ணுதானா?" ஒரு கம்பெனி சரக்கை இன்னொரு கம்பெனி கப்பல் கூலி மிச்சம் பிடிக்க வாங்கிக்கொள்வது அந்தத் துரைமார் ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் நிறைய நடக்கிறது என்றார். "அப்போது வேறாக இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். நடுக்கடலில் சரக்கு கை மாறுகிறது, வேலாயுதம், யார் கண்டது?" எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்து, "பைபிளில் சத்தியமே பண்ணாதே என்று இருக்கிறது" என்றார். முன்னாலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

சென்னப்பட்டணத்துக்குப் போகிற ஏணி டின் என் கைக்கு வரும்போதெல்லாம் ஒன்று செய்தேன். கடிதம் எழுதினால் கஜபதி வாங்க மாட்டான். இரண்டு கடிதம் திரும்பி வந்துவிட்டது. டின்னில் பெயர் எழுதக் கூடாது. ஆனால் ஈயத்தை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. மூலையின் கடைசிச் சொட்டை இடது பக்கமாக, நெல்மணி மாதிரி, எல்லா டின்னிலும் இழுத்துவிட்டேன். ஈயம் வீணாகிறது என்று மேஸ்திரி திட்டினார். அடுத்த டின்னிலும் இழுத்தேன். திருவொற்றியூரில் ஏணி விற்கிறவன் அவன். எந்த டின்னாவது ஒரு நாள் அவன் கையில் சிக்கும். சிக்கினால் தெரியும். தெரிந்தால், மச்சான் மூக்குத்தி போட்டுகினு கீறான் என்று ஒரு தரம் நினைப்பான். அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவில்லை.

போன மாசம் தண்டையார்பேட்டை ஃபிட்டர் மாணிக்கம் லீவு முடிந்து திரும்பினான். என் சம்சாரம் கொடுத்த விபூதிப் பொட்டலத்தைக் கொடுத்தான். பிறகு, "ஒங்க மச்சான் ஒண்ணு குடுத்தார்" என்று துணியில் சுற்றிய ஏதோ ஒன்றை எடுத்தான். அவிழ்த்தேன். டின்னின் ஒரு மூலை. கத்தரியால் சுத்தமாக வெட்டியது. அதில் என் நெல்மணி.

"இன்னா சொன்னான்?"

மாணிக்கம் தயங்கினான். "அப்டியே சொல்லணும்ன்னாருண்ணா. எண்ண எரிஞ்சி போச்சி. தகரம் கூரைக்கு ஆச்சி. இது மட்டும் அவன்து, எங்க வூட்ல வாணாம், குடுத்துடுன்னாரு."

குழந்தையைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தானாம். நல்ல உயரமாம், வாயாடியாம். கூரையில் அந்த மூலை இல்லாத இடத்தில் வெயில் ஒரு காசு மாதிரி கீழே விழுமாம். அதைக் கையில் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாளாம். மழை வந்தால் ஒழுகாதா என்றேன். "ஒழுவத்தான் செய்யும். துணி அடச்சி வெச்சிக்கிது கொயந்த" என்றான். வாசற்படியில் விளக்கு எரிந்ததா என்று நான் கேட்கவில்லை.

எந்த ஓட்டையையும் ஒரு நிமிஷத்தில் அடைக்கிற தொழில் என்னுடையது. அந்த மூலையை முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன், அங்கே இருக்கப்படாது என்று எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன், மறுபடி எடுத்தேன். இப்போது சட்டைப் பையில் இருக்கிறது. குனிந்து கோலைக் காய்ச்சும்போதெல்லாம் அதன் முனை நெஞ்சில் குத்துகிறது. ஊரில் இந்நேரம் விளக்கு வைத்திருப்பார்கள். இங்கே அந்தத் தீ ஏறிக்கொண்டிருக்கிறது. மார்க் குத்த குலாம் ஏணித் தகட்டை ஆணியிலிருந்து எடுத்துவிட்டான். சென்னப்பட்டணத்து டின் அடுக்கடுக்காக என் முன்னால் வருகிறது. நான் மூலைகளை மூடிக்கொண்டிருக்கிறேன். கடைசிச் சொட்டு தானாக இடது பக்கம் போகிறது.